காத்தை கீழ தள்ளு, மேல போ: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நம்ம சேலம் கமலாபுரம் ஏர்போர்ட் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தோம். அதுக்கப்புறம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே பிளேன் எப்படி பறக்குதுங்கறதை சுத்தியே இருந்துச்சு, அதனால இந்த தடவை மொத்தப் பகுதியும் அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சார், நான் ஓமலூர் பக்கம், ப்ளஸ் டூ படிக்கிறேன். எங்க மொட்டை மாடில நின்னா இறங்க வர்ற ஏடிஆர் பிளேன் நல்லா தெரியும். ரெக்கையோட மேல்பக்கம் வளைஞ்சு நீளமா இருக்கு, கீழ்பக்கம் தட்டையா இருக்கு, ரெண்டா பிரிஞ்ச காத்து பின்னாடி ஒரே நேரத்துல போய் சேரணும், அதனால மேல போற காத்து வேகமா ஓடுது, அங்க அழுத்தம் குறையுது, அதான் பிளேனை மேல தூக்கற விசை, லிஃப்ட்னு டியூஷன்ல சொன்னாங்க. ஆனா பெங்களூரு யெலஹங்கா ஏர் ஷோ வீடியோல விமானப்படை சாகசக் குழு சூர்யகிரணோட பிளேன் தலைகீழா பறக்குதே? அப்ப லிஃப்ட்டு கீழ்ப்பக்கமா தானே இழுக்கணும்?
(ஒரு மாணவி, ஓமலூர்)

பதில்: நீ கேட்ட இந்த ஒரு கேள்வியே போதும்மா, அந்த விளக்கம் நிக்காது. டியூஷன்ல சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு. அந்த தப்புப் பாதி எத்தனையோ புத்தகத்துல அச்சாகி இன்னும் வந்துட்டே இருக்கு, எனக்கு அதுல நிஜமாவே வருத்தம், ஏன்னா அதை அப்படியே மனப்பாடம் பண்ற பசங்க நீ கேட்ட மாதிரி அடுத்த கேள்விக்கு வந்தா அங்கயே மாட்டிக்கிறாங்க, அப்புறம் இயற்பியலே நமக்கு வராதுன்னு நெனச்சுக்கறாங்க.

சரியான பாதி என்னன்னா, மேல போற காத்து உண்மையிலயே வேகமா போகுது, அங்க அழுத்தம் உண்மையிலயே குறையுது. டேனியல் பெர்னூலி 1738ல புத்தகமா போட்ட விஷயம் இன்னைக்கும் செல்லும். தப்பான பாதி அந்த "ஒரே நேரத்துல சேரணும்"ங்கறது. பிரிஞ்ச காத்து மறுபடி ஜோடி சேரணும்னு எந்த விதியும் கிடையாது, அது சேர்றதும் இல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்கர் பாபின்ஸ்கி விண்ட் டனல்ல, அதாவது காத்தை வேகமா ஓட விட்டு சோதிக்கிற கூண்டுல, ரெக்கைய வெச்சு, புகைய விட்டு விட்டு அனுப்பி படம் பிடிச்சு காட்டியிருக்காரு. மேல போன புகை, கீழ போன புகைக்கு ரொம்ப முன்னாடியே பின் ஓரத்தை தாண்டி போயிருது. அதாவது அந்த பழைய கதை சொல்றதை விட மேல்காத்து இன்னும் வேகமா போகுது. இன்னொண்ணும் பாரு, சின்ன பிளேன் ரெக்கைல மேல்பக்கம் கீழ்பக்கத்தை விட ரெண்டு மூணு சதவீதம்தான் நீளம் கூட இருக்கும், அந்த வித்தியாசத்தை மட்டும் நம்பினா பிளேன் தரைய விட்டே கிளம்பாது.

அப்ப என்னதான் நடக்குது? ரெக்கை காத்துல கொஞ்சம் மூக்கை தூக்கின மாதிரி சாய்வா போகுது. அதோட மேல்பக்கத்தை ஒட்டி வர்ற காத்து அந்த வளைவு கூடவே வளைஞ்சு, பின் ஓரத்துல கீழ் நோக்கி இறங்கி போகுது. இப்ப ஏற்காடு பஸ் ஹேர்பின் பெண்ட்ல திரும்பறதை நெனச்சுக்கோ, வண்டி திரும்பும்போது நீ நேரா போகப் பாக்கற, பக்கத்துல இருக்கறவங்களோ பஸ்ஸோட சைடோ உன்னை உள்பக்கமா தள்ளினாதான் நீயும் பஸ்ஸோட சேந்து திரும்பற. காத்தும் அப்படித்தான், வெளிய இருந்து எதாவது உள்பக்கமா தள்ளினாதான் வளையும். தள்றது யாருன்னா அதுக்கும் மேல இருக்கற காத்து. அப்படி தள்ளணும்னா வெளிப்பக்கம் அழுத்தம் அதிகமாவும் ரெக்கைய ஒட்டின பக்கம் அழுத்தம் கம்மியாவும் இருக்கணும். அந்த கம்மி அழுத்தத்துக்குள்ள நுழையற காத்துதான் வேகம் பிடிக்குது. கீழ்ப்பக்கத்துல இதே மாதிரி வளையற காத்தால அழுத்தம் கொஞ்சம் ஏறுது. மேல கம்மி, கீழ ஜாஸ்தி, ரெக்கை மேல போகுது.

இதையே நியூட்டன் பக்கம் இருந்தும் சொல்லலாம். ரெக்கை காத்தை கீழ தள்ளுது, காத்து ரெக்கைய மேல தள்ளுது. சில பேரு பெர்னூலியா நியூட்டனான்னு கட்சி கட்டி சண்டை போடுவாங்க, அதுக்கு அவசியமே இல்ல, ரெண்டுமே ஒரே விஷயத்தோட ரெண்டு கணக்கு, ஒருத்தர் ரெக்கை மேல இருக்கற அழுத்தத்தை கூட்டுறாரு, இன்னொருத்தர் பின்னாடி கீழ போற காத்தை கணக்கு போடறாரு, விடை ஒண்ணுதான் வரும்.

உங்க வீட்டு மேல போற ஏடிஆர் 72க்கே போட்டுப் பாப்போம். முழு லோடுல சுமார் 23 டன். ரெக்கைப் பரப்பு 61 சதுர மீட்டர். வகுத்தா சதுர மீட்டருக்கு 377 கிலோ வருது. பெரிய நம்பரா தெரியுதா? நம்மள சுத்தி இருக்கற காத்து ஒவ்வொரு சதுர மீட்டர் மேலயும் கிட்டத்தட்ட 10 டன் எடைக்கு அழுத்திட்டு இருக்கு. மேலயும் கீழயும் அதுல 4 சதவீதம் கூட வித்தியாசம் வேண்டாம், 23 டன் பிளேன் ஆகாசத்துல நிக்கும். எனக்கு இந்த கணக்கை எப்ப போட்டாலும் சந்தோஷமா இருக்கும். நியூட்டன் பக்கம் பாத்தா, 27 மீட்டர் ரெக்கையோட மணிக்கு 500 கிலோமீட்டர்ல போகும்போது விநாடிக்கு சுமார் 60 டன் காத்தை விநாடிக்கு 4 மீட்டர் வேகத்துல கீழ இறக்கிட்டே போகுது. தோராயக் கணக்குதான், ஆனா அளவு புரியும்.

இனி தலைகீழ் விஷயம். பைலட்டு தலைகீழா திருப்பினதும் மூக்கை ஆகாசத்துப் பக்கமா இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்குவாரு, அதனால தலைகீழா இருக்கற அதே ரெக்கை அப்பவும் காத்தை தரைப்பக்கம்தான் தள்ளும். ரெக்கையோட வடிவம் வேலைய சுலபமாக்குது, ஆனா முடிவு பண்றது காத்தை அது சந்திக்கிற சாய்வு. சாகச பிளேன் சிலதுல மேல்பக்கமும் கீழ்பக்கமும் அச்சு அசலா ஒரே வளைவு, தட்டையான பேப்பர் ராக்கெட்டும் பறக்குது, அதுலயே பழைய கதை அடிபட்டுருது. சாய்வுக்கும் ஒரு எல்லை உண்டு, சுமார் 15 டிகிரிய தாண்டினா மேல்காத்து ரெக்கைய விட்டு பிரிஞ்சு சுழல ஆரம்பிச்சிரும், லிஃப்ட்டு சடார்னு குறையும், அதுக்குதான் ஸ்டால்னு பேரு.

வீட்லயே ஒண்ணு பண்ணிப் பாரு. நோட்டுப் பேப்பர்ல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழிச்சு, ஒரு முனைய கீழ் உதட்டுக்கு அடியில வெச்சு மேல்பக்கமா ஊது. தொங்கிட்டு இருந்த பேப்பர் எழும்பும். வேகமான காத்துன்னாலே அழுத்தம் கம்மி, அதனாலதான்னு சொல்லி முடிச்சிருவாங்க. இப்ப அதே பட்டைய ரெண்டு விரல்ல பிடிச்சு செங்குத்தா நேரா தொங்க விட்டு, ஒரு பக்கத்துல மட்டும் மேல இருந்து கீழ பேப்பரை ஒட்டி ஊது. அந்தப் பக்கமும் வேகமான காத்துதான், ஆனா பேப்பர் அங்க இழுபடாது. முதல்ல பேப்பர் வளைஞ்சிருந்துச்சு, காத்தும் கூட வளைஞ்சுது. ரெண்டாவதுல வளைவு இல்ல. இதை உங்க டியூஷன் சார்கிட்டயும் மரியாதையா செஞ்சு காட்டு, நல்ல வாத்தியாருக்கு இது பிடிக்கும்.

கேள்வி: ஐயா, ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துல வேலை பாக்கறேன். ஆடி மாச காத்துல எங்க லைன் வீட்டு தகர ஷீட்டு ரெண்டு பிச்சுக்கிட்டு போயி பள்ளத்துல விழுந்துருச்சு. மேல செங்கல்லு, மணல் மூட்டை எல்லாம் வெச்சிருந்தோம். இவ்ளோ கனத்தை மீறி எப்படி போச்சு? ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க?
(ஒரு வாசகர், ஏற்காடு)

பதில்: யாருக்கும் அடிபடாம இருந்ததே பெரிய விஷயங்க. நீங்க கேட்டது வேற விஷயம் மாதிரி தெரியும், ஆனா அந்த ஷீட்டை தூக்கினதும் பிளேனை தூக்கற அதே லிஃப்ட்டுதான். காத்து கூரை ஓரத்துல மோதி மேல ஏறி வளைஞ்சு போகும்போது ஷீட்டு மேல அழுத்தம் குறையுது, கீழ வீட்டுக்குள்ள இருக்கற காத்து வழக்கமான அழுத்தத்துலயே இருக்கு, அது ஷீட்டை மேல தள்ளுது. காத்து கீழ இருந்து நுழைஞ்சு தூக்கிருச்சுன்னு பொதுவா நெனப்போம், மேல இருந்து உறிஞ்சறதுதான் பெரும்பங்கு.

இதுல முக்கியமானது, வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் காத்துல சதுர மீட்டருக்கு சுமார் 11 கிலோ இழுப்பு வருதுன்னு வெச்சுக்குங்க, 100 கிலோமீட்டர் காத்துல அதே இடத்துல 45 கிலோ ஆயிரும். அரை மில்லிமீட்டர் தகர ஷீட்டு ஒரு சதுர மீட்டர் 4 கிலோதான். அப்ப ஷீட்டோட கனம் அதை பிடிச்சு வெக்கறதே இல்ல, முழுக்க முழுக்க ஜே ஹூக்கும் ஸ்க்ரூவும்தான் பிடிச்சிட்டு இருக்கு. செங்கல்லு அங்கொண்ணு இங்கொண்ணா வெச்சா அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் தாங்கும், ஷீட்டு எழும்பிருச்சுன்னா அந்த செங்கல்லே கீழ நிக்கறவங்க தலைல வரும், தயவு செஞ்சு அதை நம்பாதீங்க.

இழுப்பு அதிகமா இருக்கறது ஓரத்துலயும் மூலையிலயும் முகட்டுலயும், அதனால நடுவுல போடற மாதிரி ரெண்டு மடங்கு ஹூக்கு அங்க போடச் சொல்லுங்க, கீழ மரச்சட்டமோ இரும்புக் குழாயோ அதுவும் சுவத்தோட சேத்து கட்டியிருக்கணும், இல்லன்னா சட்டத்தோட சேந்தே போயிரும். காத்து அடிக்கிற பக்கத்து கதவு ஜன்னலை சாத்தி வெக்கணும், அது திறந்திருந்தா உள்ள காத்து அடைஞ்சு கீழ இருந்தும் தள்ளும், மேல உறிஞ்சறதோட அதுவும் சேந்துக்கும்.

அம்மி விஷயம்: 40 கிலோ அம்மி, ரெண்டடிக்கு ஒரு அடின்னு வெச்சு கணக்கு போட்டா மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல காத்து வேணும். நம்ம ஊரு ஆடிக்கு அது வராது. தகரத்துக்கு அதுல பாதி கூட வேண்டாம்.

கேள்வி: சேலத்துல இருந்து சென்னைக்கு முதல் தடவையா பேரனோட பிளேன்ல போனேன். கிளம்பி மேல ஏறின கொஞ்ச நேரத்துல எஞ்சின் சத்தம் திடீர்னு குறைஞ்சு வயித்துல ஒரு மாதிரி ஆயிருச்சு, கீழ விழுறோமோன்னு கண்ணை மூடிக்கிட்டேன். எறங்கும்போது ரெக்கை பின்னாடி ஒரு பலகை மாதிரி வெளிய வந்துச்சு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சா?
(ஒரு பாட்டி, அம்மாபேட்டை)

பதில்: எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு பாட்டி, கவலையே படாதீங்க. தரைய விட்டு கிளம்ப மட்டும் எஞ்சினுக்கு அதிக சக்தி குடுப்பாங்க, கொஞ்சம் உசரம் வந்ததும் அதை குறைச்சுக்குவாங்க. பிளேன் அப்பவும் மேலதான் ஏறிட்டு இருக்கும், ஆனா ஏறற வேகம் கொஞ்சம் குறைஞ்சதும் நம்ம காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு அதை இறங்கறதா எடுத்துக்கும்.

அந்த பலகைக்கு ஃப்ளாப்னு பேரு. ஏடிஆர் மேல போகும்போது மணிக்கு 500 கிலோமீட்டர், இறங்கும்போது 200 சொச்சம். வேகம் ரெண்டரை மடங்கு குறைஞ்சா ரெக்கைக்கு காத்துல இருந்து கிடைக்கிற விசை ஆறு மடங்குக்கு மேல குறையும், பிளேனோட எடை மட்டும் அப்படியே இருக்கே. அதனால ஃப்ளாப்பை இறக்கி ரெக்கைய இன்னும் வளைவாவும் அகலமாவும் ஆக்கி, மூக்கையும் கொஞ்சம் தூக்கி வெச்சு, அதே 20 டன்னை மெதுவான வேகத்துலயும் தாங்க வெக்கறாங்க. அடுத்த தடவை ரெக்கை தெரியற சீட்டா கேட்டு வாங்குங்க, பேரனுக்கு காட்டலாம்.

கேள்வி: ரெண்டு எஞ்சினும் ஒரே நேரத்துல நின்னா கல்லு மாதிரி விழுமா?
(ஆத்தூர் வாசகர்)

பதில்: விழாது. எஞ்சின் பிளேனை தூக்கறது இல்லங்க, முன்னாடி தள்ள மட்டும்தான் செய்யுது. பறக்கற பிளேன் மேல நாலு விசை இருக்கு. எடை கீழ இழுக்குது, லிஃப்ட்டு மேல, எஞ்சினோட த்ரஸ்ட்டு முன்னாடி, காத்தோட எதிர்ப்பு அதாவது டிராக் பின்னாடி. ஒரே உசரத்துல ஒரே வேகத்துல போகும்போது மேல கீழ சமம், முன்ன பின்ன சமம். ஆனா எடையும் டிராக்கும் சமம் இல்ல, பயணிகள் பிளேன்ல டிராக்கு எடையில 15ல ஒரு பங்கு அளவுதான். 20 டன் பிளேனை ஓட்ட சுமார் 1.3 டன் தள்ளு போதும். ரெக்கையோட பெருமையே இந்த விகிதத்துலதான் இருக்கு.

எஞ்சின் நின்னா பைலட்டு மூக்கை லேசா இறக்குவாரு, எடையே பிளேனை முன்னாடி இழுத்துட்டு போகும், சைக்கிள் மிதிக்காம இறக்கத்துல போறோமே அந்த கணக்கு. 15க்கு 1ன்னா 5 கிலோமீட்டர் உசரத்துல இருந்து 75 கிலோமீட்டர் போகலாம், சேலத்துக்கு மேல நின்னுச்சுன்னா ஈரோட்டை தாண்டலாம். இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்ல. 2001 ஆகஸ்ட்ல ஏர் டிரான்சாட் கம்பெனியோட ஏ330 பிளேன் அட்லாண்டிக் கடலுக்கு மேல எரிபொருள் மொத்தமும் தீந்து, எஞ்சினே இல்லாம 19 நிமிஷம் மிதந்து வந்து அசோர்ஸ் தீவுல இறங்குச்சு. 306 பேரும் பொழச்சாங்க. ஒரு எஞ்சின் மட்டும் நின்னா இன்னொண்ணை வெச்சே மேல ஏற முடியணும்னுதான் பயணிகள் பிளேனுக்கு அனுமதியே குடுக்கறாங்க.

கேள்வி: என் அண்ணன் பட்டாளத்துல, லடாக்ல இருக்கற லேயில இருக்காரு. அங்க பிளேன் பெரும்பாலும் காலைலயே வந்துட்டு போயிரும், வெயில் ஏறினா ஆளையும் லக்கேஜையும் குறைப்பாங்கன்னு சொல்றாரு. வெயிலுக்கும் பிளேனுக்கும் என்ன சம்பந்தம்?
(ஒரு வாசகி, மேட்டூர்)

பதில்: உங்க அண்ணன் சொன்னது நெசம். கீழ தள்ள காத்து வேணும், சூடான காத்தும் உசரமான இடத்துக் காத்தும் லேசா இருக்கும், ஒரு கன மீட்டர்ல எடை கம்மி. அதனால அதே லிஃப்ட்டு கிடைக்க இன்னும் வேகமா ஓடணும், ரன்வே இன்னும் நீளமா வேணும், எஞ்சினுக்கும் புரொப்பல்லருக்கும் அதே கதை, புரொப்பல்லர் பிளேடும் சுத்தற ரெக்கைதானே. லே ஏர்போர்ட்டு சுமார் 3,250 மீட்டர் உசரம், அங்க காத்து கடற்கரைய விட நாலுல ஒரு பங்குக்கு மேல லேசு. மதியம் மலைக் காத்தும் கிளம்பிரும். அதான் காலைலயே.

நம்ம ஊருக்கும் இது உண்டு. கமலாபுரம் 300 மீட்டர் உசரம்தான், ஆனா மே மாசம் 40 டிகிரி அடிக்கிற மதியத்துல அங்க இருக்கற காத்து, பைலட்டுங்க வெச்சிருக்கற நிலையான அளவுப்படி சுமார் 1,300 மீட்டர் உசரத்துக் காத்து அளவுக்கு லேசாயிரும். ரன்வே சுமார் 1,800 மீட்டர். கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அன்னைய வெப்பம், காத்து, எடை மூணையும் வெச்சு கணக்கு போடுவாங்க. லக்கேஜை எறக்கச் சொன்னா கோவப்படாம குடுத்துருங்க, அந்த கணக்கு நமக்காகத்தான்.

கேள்வி: ஏற்காடு பகோடா பாயிண்ட்ல நின்னு பாத்தா பருந்து ரெக்கைய அடிக்கவே அடிக்காம மேல மேல போகுதே, அதுக்கு எஞ்சினும் இல்ல, இறக்கமும் இல்ல?
(அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: இறக்கம் இருக்குங்க. பருந்து காத்தை வெச்சு பாத்தா இறங்கிட்டேதான் இருக்கு, ஆனா அது இருக்கற காத்து அதை விட வேகமா மேல ஏறிட்டு இருக்கு. சமவெளில இருந்து வர்ற காத்து சேர்வராயன் மலைச் சரிவுல மோதுனா மேல ஏறித்தானே ஆகணும், அந்த ஏறு காத்துல சரிவை ஒட்டியே போயிட்டு வந்துட்டு இருக்கும். இன்னொரு வகை, வெயில்ல சூடான பாறை மேல இருந்து எழும்பற காத்து. அது குறுகலான தூண் மாதிரி எழும்பும், அதை விட்டு வெளிய போயிறக் கூடாதுன்னுதான் வட்டம் போடுது. காலைல சீக்கிரம் போனா பருந்து மரத்துலதான் உக்காந்திருக்கும், தரை சூடாகற வரைக்கும் கிளம்பாது. பத்து மணிக்கு மேல போங்க. ரெக்கை நுனில இருக்கற இறகு விரல் விரிச்ச மாதிரி தனித்தனியா நிக்கறதை பைனாகுலர்ல பாருங்க, ரெக்கை நுனில கீழ்க்காத்து மேல சுருண்டு வர்றதால உண்டாகற டிராக்கை அது குறைக்குது. பிளேன்ல ரெக்கை நுனிய மேல மடக்கி வெச்சிருக்கற விங்லெட்டும் இதே வேலைக்குத்தான்.

கேள்வி: நிலாவுல பிளேன் ஓட்ட முடியுமா? செவ்வாய்ல?
(ஏழாம் வகுப்பு மாணவன், எடப்பாடி)

பதில்: நிலாவுல முடியாது தம்பி, கீழ தள்ள அங்க காத்தே இல்ல. செவ்வாய்ல காத்து இருக்கு, ஆனா அடர்த்தி நம்ம ஊரு காத்துல 100ல ஒரு பங்கு அளவுதான். அங்கயும் பறந்தாச்சு. நாசா அனுப்பின இன்ஜெனுயிட்டிங்கற 1.8 கிலோ குட்டி ஹெலிகாப்டர் 2021 ஏப்ரல் 19ல முதல் தடவையா எழும்புச்சு. காத்து கம்மிங்கறதால அதோட பிளேடு நிமிஷத்துக்கு சுமார் 2,400 சுத்து சுத்த வேண்டியிருந்துச்சு. அஞ்சு தடவை பறந்தா போதும்னு அனுப்பினது, 72 தடவை பறந்துச்சு, 2024 ஜனவரியில பிளேடு சேதமானதாலதான் நின்னுச்சு.